இரண்டு அங்குலம்

"யாரைக் கேட்டு என் பொண்ணு கையில இரும்பைக் குடுத்தீங்க?"

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையின் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் தையல்காரி. ஒரு சட்டையைப் பாதித் தையலில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே பளு தூக்கிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பிள்ளைகள் இரும்பைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வசதியாக நின்றுகொண்டார்கள். பி.டி. டீச்சர் ஒரு விசில் ஊதி அத்தனை பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓட அனுப்பினார்.

ஒருத்தி மட்டும் சுவரோரம் நின்றாள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். பாப்பாவுக்கு வயது பதினாலு, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்.

"மூணு மாசமா ஸ்பெஷல் கிளாஸ்னு புளுகிட்டு இங்கேதான் வந்திருக்கா. பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்டுக்குடுத்துத்தான் எனக்கே தெரியும்!"

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின கடிதம் இருக்கே" என்று டீச்சர் ஃபைலிலிருந்து எடுத்து நீட்டினார்.

தையல்காரி வாங்கிப் பார்த்தாள். அச்சு அசல் அவள் கையெழுத்து. ஆனால் அவள் போட்டதில்லை.

"அடிப்பாவி! கள்ளக் கையெழுத்துப் போடுற அளவுக்கு வந்துட்டியா?"

தையல்காரி மறுபடி டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எங்க குடும்பத்துலயே இந்த உயரம் யாருக்கும் கிடையாது. மூணு வயசு மூத்த அண்ணனைவிட ரெண்டு அங்குலம் அதிகம். வளர்ற வயசுல இரும்பைத் தூக்கினா உயரம் அப்படியே நின்னுடும்னு அவனை நான் ஜிம் பக்கமே விட்டதில்லை. இவ திருட்டுத்தனமா வந்து தூக்கியிருக்கா. ரெண்டு மாசமா அளந்து பார்க்கிறேன், நூலளவுகூட ஏறலை. பொண்ணு வளர்ச்சிக்கே உலை வச்சுட்டீங்களே!"

டீச்சர் இதைப் போல நிறைய அம்மாக்களைப் பார்த்தவர். குரலை உயர்த்தவில்லை.

"அது யாரோ கிளப்பிவிட்டதும்மா. பக்கத்துல ஆள் நின்னு, முறையாச் சொல்லிக்குடுத்து, உடம்புக்குத் தக்க எடையைத் தூக்கினா உயரம் நிக்காது. எலும்புக்கு நல்லதுதான். ஆனா நானும் உங்களைப் பார்க்கணும்னுதான் இருந்தேன். வரச்சொல்லி ரெண்டு தடவை டைரியில எழுதி அனுப்பினேனே?"

டைரி வீட்டுக்கு வந்த லட்சணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் எடை எழுதும் நோட்டைப் பிரித்தார்.

"வந்தப்ப அம்பத்தாறு கிலோ. போன வாரம் நாற்பத்தெட்டு. பயந்துபோய் ஒரு வாரமா இவளை எதையும் தொடவிடாம உட்கார வச்சிருக்கேன். உங்க பொண்ணு பட்டினி கிடக்கிறாம்மா. இரும்பை விடுங்க, வளர்ற பிள்ளைக்கு இதுதான் ஆபத்து. இப்படியே போனா வளர்ச்சியும் கெடும், உடம்பும் படுத்துடும்."

"பட்டினியா? நான் கட்டிக்குடுக்கிற டப்பா தினமும் வழிச்சுத் துடைச்சு வருதே!"

"வரும். சாப்பிடறது பக்கத்து பெஞ்சுப் பொண்ணு. நேத்து என் கண்ணாலயே பார்த்தேன்."

தையல்காரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். போன மாதம் பாப்பாவின் யூனிஃபார்ம் பாவாடையை இடுப்பில் மூன்று அங்குலம் பிடித்துத் தைத்தது அவள்தான். கொடி மாதிரி ஆகிவிட்டாள் என்று பூரித்ததும் அவளேதான். ஊரார் உடம்பையெல்லாம் அளக்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளை உருகிப்போனது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் உடனே கோபமாக மாறியது.

"எவடி உன்னைக் குண்டுன்னு சொன்னவ? பேரைச் சொல்லு, அவ வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்!"

"யாரும் சொல்லலைம்மா."

"பின்னே எதுக்குடி இந்தப் பட்டினி?"

பாப்பா டீச்சரைப் பார்த்தாள்.

"மிஸ், வெயிட் தூக்கினா நிஜமாவே உயரம் நிக்காதா?"

"நிக்காதுடா. பயப்படாதே."

ஆறுதலாகச் சொன்ன வார்த்தைதான். பாப்பா பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் திகைத்துப்போனார்.

"நிக்கும்னு அம்மாதானே மிஸ் சொன்னாங்க! அதை நம்பித்தான் சேர்ந்தேன். முதல் மாசமே அரை அங்குலம் ஏறிடுச்சு. அதான் சாப்பாட்டையும் நிறுத்திட்டேன்."

தையல்காரி மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உயரம் நிக்கணும்னா வந்தே? அவனவன் கால் அங்குலம் கூடாதான்னு கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கான். உனக்கு ஏண்டி புத்தி இப்படிப் போச்சு?"

"அண்ணனுக்காகம்மா" என்றாள் பாப்பா விசும்பிக்கொண்டே. "வீட்டுக்கு யார் வந்தாலும் எங்க ரெண்டு பேரையும் முதுகோட முதுகு ஒட்டி நிக்க வச்சு எல்லாருமாச் சிரிக்கிறீங்க. அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். எல்லாரும் போனப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுறான். நான் இன்னும் வளர்ந்தா அவன் என்கூடப் பேசவே மாட்டான்மா."

தையல்காரி விருட்டென்று எழுந்தாள். கண்ணில் நீர், மூக்கு நுனியில் கோபம்.

"என் பிள்ளையைப் பார்த்து எவ சிரிச்சா? இனிமே எவளாவது நம்ம வீட்டுல வந்து சிரிக்கட்டும், வாசல்படி மிதிக்க விடமாட்டேன். சொல்லுடி, யாரு அவ?"

பாப்பா பாவாடை ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பவும் முதல்ல சிரிக்கிறது நீதாம்மா."