செத்துப் போன கியர்பாக்ஸ்

“செத்துப் போச்சாம், மகளே. வேற கியர்பாக்ஸ்தான் போடணும்னு டோன் சிரிலோ சொல்லிட்டாரு.”

டோன்யா அப்தோனா வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாள். பின் சீட் முழுக்கக் காலி ரொட்டிக் கூடைகள். இருபத்தைந்து வருஷத்து ஜப்பான் வண்டி அது. பர்ரேரோ ஊரிலிருந்து நெடுஞ்சாலை நெடுக அதில் போய்த்தான் ‘சீப்பா’ என்கிற பாலாடைக்கட்டி ரொட்டியை விற்றுப் பிழைக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துக்கு இன்னும் நாலே நாள். வருஷ வியாபாரத்தில் பாதி அந்த ஒரு வாரத்தில்தான் நடக்கும்.

நிமியா தன் பட்டறை வாசலில் கையைத் துணியில் துடைத்தபடி, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த சிரிலோவின் பட்டறையைப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் பாத்தாரு?”

“கால் மணி நேரம். வண்டிக்கு அடியில படுத்துக்கூடப் பாத்தாரு. காசு எதுவும் வாங்கலை. ‘என்னால ஆகாது. போற வழியில எதிர்ல அந்தப் பொம்பளை கிட்ட வேணும்னா காட்டிட்டுப் போங்க’ன்னாரு.”

“அந்தப் பொம்பளை! பேரைச் சொல்லக்கூட வாய் வரலை பாருங்க.”

இந்த மாதத்தில் இப்படி வந்த ஆறாவது வண்டி இது. சிரிலோ முப்பது வருஷ மெக்கானிக். அவர் கைவிட்ட ஐந்து வண்டிகளையும் நிமியா ஓட வைத்துவிட்டாள். பட்டறை திறந்த புதிதில், ஏழு மாதம், சக்கரத்துக்குக் காற்றடிக்க மட்டும்தான் அவளிடம் வந்தார்கள். இப்போதுதான் ஆட்டோமேட்டிக் கியர் என்றால் சுற்று வட்டாரத்தில் அவள் பேரும் அடிபட ஆரம்பித்திருக்கிறது.

“ஏறுங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

லீவரை D-யில் போட்டு மிதித்தாள். இன்ஜின் முனகியது. வண்டி, சேற்றில் மாட்டிய மாட்டு வண்டி மாதிரி மெல்ல அசைந்தது.

“எப்பவுமே இப்படியா, இல்லை சூடானப்புறமா?”

“முந்தாநாள்லேர்ந்து எப்பவுமே. ஏத்தத்துல நின்னே போச்சு. ரெண்டு பேர் இறங்கித் தள்ளினாங்க.”

நிமியா ஓரமாக நிறுத்தினாள். லீவரைக் கடைசியில் இருந்த L-க்கு, அதாவது முதல் கியருக்கு, இழுத்து மிதித்தாள். வண்டி சட்டென்று பாய்ந்தது. அப்தோனா முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா? கியர்பாக்ஸ் செத்திருந்தா இதுலயும் நகராது. D-யில எந்தக் கியர் போடணும்னு கம்ப்யூட்டர் சொல்லணும். அந்தச் சேதி உள்ள போகலை. அதனால எடுத்த எடுப்புலயே கடைசிக் கியர்ல இழுக்குது.”

“அப்போ பொழைச்சுக்குமா?”

“சாகவே இல்லைங்கறேன்.”

பட்டறைக்குத் திரும்பியதும், இன்ஜினை ஓடவிட்டு ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தாள். ஆயில் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. தீய்ந்த வாசனை இல்லை. இன்ஜினை அணைத்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, விளக்கோடு அடியில் போனாள். இரண்டே நிமிஷம்.

“டோன்யா அப்தோனா, குனிஞ்சு பாருங்க.”

கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயர்க்கட்டு பிடி விட்டுத் தொங்கி, சைலன்சர் குழாயில் பட்டு உருகியிருந்தது. இரண்டு ஒயர் அறுந்தே போயிருந்தது.

நிமியா கருகியதை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் சேர்த்து ஈயம் வைத்தாள். மேலே உறை போட்டு, சூடு படாத இடத்தில் இழுத்துக் கட்டினாள். மறுபடி ஒரு சுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மாறியது. அப்தோனா நிமியாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். போகும்போது, புனித வியாழனுக்குச் சுடுகிற முதல் கூடை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கன்னத்து ஈரம்தான் நிமியாவை உறுத்தியது. கண்ணெதிரே தொங்கிய ஒயரைப் பார்க்கத் தெரியாத மனிதர், ஒரு ஏழையை இப்படிக் கலங்க அடிக்கலாமா? இன்றைக்குக் கேட்டே விடுவது என்று சாலையைக் கடந்தாள்.

சிரிலோவின் பட்டறையில் ஆள் யாரும் தெரியவில்லை. ஒரு பழைய வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் காலடிச் சத்தம் கேட்டு வண்டிக்கு அடியிலிருந்து சிரிலோவின் குரல் வந்தது.

“ஐஸ் வாங்கிட்டு வந்துட்டியா மச்சான்? ஜில்லுனு தெரெரே டீயைக் கலந்து வை, தொண்டை காயுது.”

நிமியா அப்படியே நின்றாள்.

“இந்த வண்டிக்காரன் கிட்டயும் சொல்லிட்டேன், கியர்பாக்ஸ் செத்துப் போச்சுன்னு. மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு, எதிர்ப்பக்கம் இழுத்துட்டுப் போக ஆள் தேடிப் போயிருக்கான். லீவர் கேபிள் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான். நிமியாவுக்குப் பத்து நிமிஷ வேலை.”

ஸ்பேனர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

“காலையில அந்தச் சீப்பாக்கார அம்மாவுக்கும் சைலன்சர்ல உருகின ஒயர்தான். நீ திட்டுறது சரிதான் மச்சான். பாவம், அரை மணி நேரம் பயந்துதான் போறாங்க. நான் என்ன பண்ணட்டும்? ‘அந்தப் பொண்ணு என்னை விட நல்லா பாப்பா, அங்க போங்க’ன்னு ஏழு மாசம் சொல்லிப் பாத்தேன். பொம்பளை கிட்ட கியர்பாக்ஸைக் கொடுக்கறதான்னு சிரிச்சுட்டுப் போனானுங்க. செத்துப் போச்சுன்னு சொன்னாத்தான், இனிமே கெட்டுப் போக என்ன இருக்குன்னு, அவ கிட்டப் போறானுங்க.”