ஏழு பூட்டு

புலெங்கின் கார் ஷெட்டில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பூட்டுகளைத்தான்.

தென்னாப்பிரிக்காவில், சொவெட்டோவின் அந்தத் தெருவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் சீட்டு போட்டிருந்தார்கள். டிசம்பர் வந்தால் கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று ஆகஸ்டிலேயே சோளமாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, மூட்டைக்கு மூட்டை ஆள் பேரெழுதி, புலெங் வீட்டு ஷெட்டில் அடுக்கியாயிற்று. டிசம்பர் பதினாறு, விடுமுறை நாள், அன்றைக்குப் பங்கு பிரிப்பது. பன்னிரண்டு வீட்டுப் பண்டிகையும் அந்த ஷட்டருக்குப் பின்னால்தான் இருந்தது.

முதலில் ஒரே ஒரு பூட்டுதான். செப்டம்பரில் புலெங்கின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டு நாள் விருந்து. அழைப்பு கிழைப்பெல்லாம் அங்கே கிடையாது, தெருவே போய்ச் சாப்பிட்டது. போகும்போது காலி டப்பாவோடு போய், வரும்போது நிரப்பிக்கொண்டு வருவதுதான் பெண்களுக்கு வழக்கம். எதிர்வீட்டு மொசிடி மட்டும் இரண்டு டப்பா கொண்டுபோனாள்.

"அந்தக் கூட்டத்துல எவன் கண்ணு ஷெட் மேல பட்டுச்சோ" என்று கல்யாணம் முடிந்த மறுநாளே புலெங் இரண்டாவது பூட்டைத் தொங்கவிட்டாள். அப்புறம் இரண்டு வாரத்துக்கொன்று. நவம்பர் கடைசியில் ஏழு. சாவிக்கொத்து அவள் இடுப்பிலேயே கிடந்தது. குளிக்கப் போனாலும் கூடவே போனது.

"அக்கா, ஒருதரம் திறந்து காட்டேன். எலி கிலி பூந்திருக்கப்போகுது" என்றாள் மொசிடி.

"திறந்து திறந்து மூடினா எவனாவது பாத்து வெச்சுக்குவான். பதினாறாம் தேதி எல்லாரும் இருக்கும்போதே திறப்போம், போடி."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஒரே ஒரு விஷயம்தான் மொசிடிக்குப் பிடிக்கவில்லை. ஷேர் டாக்ஸியில் ஏறினால் புலெங் வாயை மூடமாட்டாள்.

"பதினஞ்சு பேர் கேக்க ஷெட்ல அது இருக்கு, இது இருக்குன்னு சொல்லிட்டு வர்றியே அக்கா. உனக்கே நல்லா இருக்கா?"

"ஏழு பூட்டுன்னும் சேத்துத்தானே சொல்றேன். கேட்டவன் கிட்ட வருவானா?"

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, கோடிவீட்டு மொலாபோ கிழவருக்கு அடக்கம். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இடுகாட்டுக்குக் கிளம்பியது. மொசிடிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"நான் வேணா இருந்து ஷெட்டப் பாத்துக்கறேன் அக்கா."

"அடக்கத்துக்கு வராம நிப்பியா? நாளைக்கு உன் வீட்டுல ஒண்ணுன்னா எவ வருவா? கிளம்பு, கிளம்பு."

திரும்பி வந்து, வழக்கப்படி கிழவர் வீட்டு வாசலில் வைத்திருந்த தொட்டியில் கை கழுவும்போதுதான் பார்த்தார்கள். புலெங் வீட்டு ஷட்டர் பாதி மேலே நின்றது. ஏழு பூட்டும் அறுபட்டுத் தரையில் கிடந்தன. உள்ளே ஒரு மூட்டை கூட இல்லை.

புலெங் ஈரக் கையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆனால் அவளை ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்வாள், பாவம்.

மொசிடி போனை எடுத்தாள்.

"போலீசெல்லாம் எதுக்குடி" என்றாள் புலெங் சன்னக் குரலில். "போனது போனதுதான். ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே, அதுவே போதும்."

"உனக்கு ரொம்ப நல்ல மனசு அக்கா. எனக்கு இல்ல" என்று மொசிடி எண்ணை அழுத்தினாள்.

இரண்டு மணி நேரத்தில் போலீஸ் ஜீப்பும், அதன் பின்னால் ஒரு பிக்கப் வேனும் தெருவுக்குள் வந்தன. வேனின் பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்து, தரையைத் தொடப் பார்த்தது. பண்டிகைக்கால வாகனச் சோதனையில் மடக்கிவிட்டார்களாம்.

"ஒரு மூட்டை கூடப் பிரியல" என்றார் சார்ஜெண்ட். "எழுதின பேரெல்லாம் அப்படியே இருக்கு. உங்க உங்க பேரப் பாத்து எடுத்துக்குங்க."

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி சார்ஜெண்டின் கையைப் பிடித்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள். புலெங் மட்டும் எழுந்திருக்கவில்லை. சந்தோஷத்தில் காலுக்குத் தெம்பு போய்விட்டது என்று நினைத்தார்கள்.

மொசிடி தன் பேர் எழுதிய அரிசி மூட்டையைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. இழுத்தாள். ஓரம் கிழிந்து, காலடியில் பொலபொலவென்று கொட்டியது.

மணல்.

அடுத்த மூட்டையைப் பிரித்தார்கள். மணல். எண்ணெய்ப் பெட்டியைத் திறந்தார்கள். செங்கல்.

முதலில் கோபம் வந்தது ஜீப்பில் விலங்கோடு உட்கார்ந்திருந்த திருடனுக்குத்தான்.

"ஏழு பூட்டும்மா. ரெண்டு பிளேடு உடைஞ்சுபோச்சு. இதுக்கா?"

அவனுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லா மூட்டையையும் பிரித்து முடித்தபோது தெருவில் ஒரு வீடு கட்டும் அளவுக்கு மணல் கிடந்தது.

"அப்ப நம்ம அரிசி, மாவெல்லாம் எங்கதான் போச்சு?" என்றாள் மொசிடி. எல்லோரும் புலெங்கைப் பார்த்தார்கள்.

புலெங் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "செப்டம்பர்ல டப்பா டப்பாவா அள்ளிட்டுப் போனப்ப, இவ்வளவு சோறு உனக்கு ஏது அக்கான்னு ஒருத்தியும் கேக்கலையே."