அலமாரிக்குப் பின்னால்

“அலமாரியைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!”

உம்மு குதைபா இரண்டு கையையும் விரித்து அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றாள். எதிரே சுத்தியலும், சிவப்பும் பச்சையுமாய் இரண்டு பெயிண்ட் டப்பாக்களுமாக நிவாரணக் குழுவின் இன்ஜினியர் நவ்வார். வாசல் நிலையில் எதிர்வீட்டு அபூ தைசீர் சாய்ந்திருந்தார். அவர் கண்ணும் அலமாரி மேலேதான்.

அலெப்போவில் பூகம்பம் வந்து ஐந்து மாதம். வெளிநாடுகள் போட்டிருந்த தடையில் ஆறே மாதத்துக்கு ஒரு சந்து திறந்திருந்தது. பூகம்பத்தில் உடைந்த வீட்டுக்குக் கம்பியும் சிமெண்டும் வரலாம். போரில் உடைந்த வீட்டுக்குக் கூடாது.

பச்சை வட்டம் போட்டால் கம்பி வரும், இந்த வீடு நிற்கும். சிவப்புக் கோடு போட்டால் இடித்துவிடுவார்கள். அப்புறம் நிறைமாத மருமகள் கூடாரத்திலேயே பிள்ளை பெற வேண்டியதுதான்.

“அப்படி என்ன இருக்கு உள்ள? புதையலா?” என்றார் அபூ தைசீர்.

“என் கல்யாண உடுப்பு. பாக்கறியா?”

“இப்ப அது உனக்குக் கைக்குட்டைக்குத்தான் ஆகும்.”

“உன் வீடு இடிஞ்சு போக!”

“அதான் பாதி இடிஞ்சாச்சே. புதுசா ஏதாவது திட்டு.”

நவ்வார் சிரிக்கவில்லை. அவளை ஒதுக்கிவிட்டு அலமாரியை இழுத்தான். உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் சுவர் பிளந்திருந்தது. மேலே சுண்ணாம்பு ஈரம் காயவில்லை.

“நேத்து அடிச்சீங்களா?”

“பெருநாள் வருதில்ல?”

“பெருநாள் போய் ரெண்டு வாரம் ஆச்சு.”

விரலை விரிசலுக்குள் விட்டு எடுத்தான். கரி.

“இது பூகம்பம் இல்ல. குண்டு.”

“டீசல் அடுப்புப் புகைப்பா அது! குளிர்காலத்துல உங்க வீட்டுல என்ன, பனிக்கட்டியையா கட்டிக்கிட்டுப் படுப்பீங்க?”

“என்ன?” அவனுக்கு இடது காது கேட்காது போல. ஒவ்வொன்றுக்கும் வலது காதைத் திருப்பினான்.

“காதுதான் போச்சுன்னா கண்ணுமா போச்சு? சுவரு எப்படிச் சாஞ்சிருக்கு பாரு. பூகம்பம்!”

நவ்வார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

“தென்கிழக்குல, தண்ணித் தொட்டி மேட்டுலேருந்து வந்தது. ஏழு வருஷம் ஆச்சு. மத்தியானத் தொழுகை முடிஞ்ச நேரம். மூணு குண்டு. முதல் ரெண்டும் பின்னாடி அத்தி மரத்துல விழுந்துச்சு. மூணாவது இங்க.”

உம்மு குதைபா விருட்டென்று அபூ தைசீர் பக்கம் திரும்பினாள். கையில் செருப்பு.

“நீதானே போய்ச் சொன்னே! தெருவுக்கு ஒரு லாரி கம்பிதான்னு தெரிஞ்சதும் என் வீட்டுக்குக் குழி பறிக்கிறியா?”

“குர்ஆன் மேல சத்தியமா நான் சொல்லல!”

“பின்ன யாரு? அன்னிக்குத் தெருவே ரொட்டி வரிசையில நின்னுச்சு. எது முதல்ல விழுந்துச்சு, எது அப்புறம் விழுந்துச்சுன்னு எனக்கே தெரியாது!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நவ்வாரின் பேனா படிவத்தில் ஓட ஆரம்பித்திருந்தது.

“சரி, குண்டுதான்!” என்று கத்தினாள். “குண்டு ஓட்டைதான் போட்டுச்சு. சாய்ச்சது பூகம்பம். பாதி அது, பாதி இதுன்னு எழுதேன்!”

“பாதிக்குப் படிவத்துல கட்டம் இல்ல. ஒரு வீட்டுல பொய் எழுதினது தெரிஞ்சா ஊருக்கே லாரி நின்னுடும்.”

“நல்லா இருக்குடா உங்க நியாயம்! நிலம் இடிச்சா வீடு, மனுஷன் இடிச்சா வீடில்லையா?”

அவன் சிவப்பு டப்பாவை எடுத்துக் குலுக்கினான். சுவரின் குறுக்கே ஒரு கோடு. பெயிண்ட் ஈரச் சுண்ணாம்பில் வழிந்தது.

செருப்பு பறந்தது. அபூ தைசீர் தலையைக் குனிந்து தப்பித்தார்.

“பைத்தியமே, அந்த வருஷம் நான் இங்க இருந்தேனா? எல்லை தாண்டித் துருக்கியில, அந்தெப்ல செருப்புத் தச்சுக்கிட்டிருந்தேன்! என் வீட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? உன்கிட்டதானே?”

இன்னொரு செருப்பை எடுத்த கை அப்படியே நின்றது. நிஜம்தான். நாலு வருஷம் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தவள் அவளேதான்.

நவ்வார் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தான். அவனுக்காக வைத்த ஏலக்காய்க் காப்பி, முக்காலியில் ஏடு கட்டிக் கிடந்தது.

“ஒரு வாய் குடிக்கல பாரு,” என்றாள் அவள். “ரத்தப் பகை இருக்கிற வீட்டுலதான்டா காப்பியைத் தொட மாட்டாங்க. நான் உனக்கு என்னடா பண்ணினேன்?”

அவன் நடையைக் கட்டினான். அவள் ஓடிப் போய்ப் படியை மறித்தாள்.

“கோடு போட்டுட்டே. போ. ஆனா அந்தத் துரோகி பேரைச் சொல்லிட்டுப் போ. எங்களைக் காட்டிக் கொடுத்தது யாரு?”

இந்த முறை அவன் காதைத் திருப்பவில்லை.

“யாரும் காட்டிக் கொடுக்கல. மூணாவது குண்டு நான் போட்டது.”