கடலுக்கு முதுகு

சைக்கிளை நிறுத்திவிட்டு பிக்ஹா கேமராவைத் தூக்கினாள். அது தானாகவே சோளக்கொல்லைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"கடல் அந்தப் பக்கம்க்கா," என்றான் தம்பி பூன்கியாட்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி மேல் இல்லை, தன் கை மேல்.

காலையிலிருந்து, சீனாவுக்கு எதிரே கிடக்கும் தைவானின் லியேயு தீவுக் கரையை ஒட்டியே மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். வழியெல்லாம் இறங்கி இறங்கிப் படம் எடுத்தாள். இப்போது ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் ஓட்டு வீடு, கோயில், மாடு, மறுபடியும் அதே மாடு. தீவைச் சுற்றி வந்தவளின் கேமராவில் ஒரு சொட்டுக் கடல் இல்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தத் தீவில் தொட்டிலிலேயே சொல்லிக் கொடுத்தது இரண்டு. கேமராவைக் கடல் பக்கம் காட்டாதே, ராணுவம் பிடித்துக்கொண்டு போய்விடும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதே, சீனக் கரையிலிருந்து நீந்தி வருகிறவன் காதை அறுத்துக்கொண்டு போய்விடுவான்.

ராணுவச் சட்டம் ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. கண்ணிவெடிகளைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

இன்றைக்கு அவளுக்கு ஒரு கடல் படம் வேண்டும். நம்ம ஊரிலிருந்து பார்த்தால் கடல் எப்படித் தெரியும் என்பதே மறந்துவிட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அண்ணன் இருப்பது எதிரே, அன்றைக்கு எதிரி நாடாக இருந்த சீனாவின் ஷியாமென் நகரத்தில். பந்தை மிதவையாக்கி நீந்தி ஓடிவிடுவார்கள் என்று, அதை வைத்திருக்கவே ராணுவத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்த நாளில், ஒரு கூடைப்பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு இந்த மணலிலிருந்து நீந்திப் போனவர். அவர் பேரில் பிடியாணை இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கே காலை வைத்தால் கைது.

பிக்ஹா படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பூன்கியாட் போகவில்லை. அண்ணன் போன மறுநாள் அப்பாவை விசாரணைக்கு இழுத்துப் போனார்கள். திரும்பி வந்தவர் அதற்கப்புறம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பூன்கியாட்டுக்குக் கிடைக்கவிருந்த வாத்தியார் வேலையும் குடும்பம் சரியில்லை என்று கை நழுவிப் போயிற்று. 'எனக்கு அண்ணன்னு யாரும் கிடையாது' என்பதை, குழம்பில் உப்பு இல்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வான்.

இன்றைக்கு அவன் வந்ததும், அக்கா தனியாகப் போய் எங்காவது விழுந்து வைப்பாளே என்றுதான்.

பிக்ஹா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். கேமராவுக்குள் கடல் வந்தது. எதிரிப் படகுகளைத் தடுக்க அந்தக் காலத்தில் நட்டு, மணலில் சாய்ந்து நிற்கும் துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள், தண்ணீர், அதற்கப்பால் ஷியாமென் கட்டடங்கள். அண்ணனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தாள்.

"எவன் வரான்னு பார்க்கிறேன்," என்றாள்.

வந்தது. பின்னால் ஒரு ரோந்து ஜீப். பூன்கியாட் சட்டென்று தொப்பியைக் கழற்றி விறைப்பாக நின்றான். ஜீப்பில் இருந்தவன் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

"இதுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்?" பிக்ஹாவுக்கு ஆத்திரம் இன்னும் கூடிற்று. "போ, தண்ணி ஓரமாப் போய் நில்லு."

"நான் எதுக்கு?"

"வெறும் தண்ணியை எடுத்தா கடலா குட்டையான்னு யாருக்குத் தெரியும்? ஒரு ஆள் நிக்கணும்."

"அந்த ஆளுக்கு அனுப்புற படத்துல நான் இருக்க மாட்டேன்."

"இதை அனுப்ப மாட்டேன். இது எனக்கு. என் வீட்டுச் சுவத்துல மாட்டிக்க."

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போனான். போனவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணைக் கடல் மேலேயே வைத்திருந்தான்.

"நேரா என்னைப் பாரு. கடலுக்கு முதுகைக் காட்டு."

"எவனாவது வந்து காதை அறுத்தா?"

"அறுத்துட்டுப் போகட்டும். நான் சொல்லி என்னிக்குடா உன் காது கேட்டிருக்கு?"

அறுபது தாண்டியவன், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கடலுக்கு முழு முதுகையும் காட்டி நின்றான். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பிக்ஹா லென்ஸைத் திருகித் திருகி எதிர்க்கரையைக் கிட்டே இழுத்தாள். அவ்வளவு நேரம் என்ன தேடுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளு."

"எதுக்கு?"

"அண்ணனை மறைக்கிறே."

எதிர்க்கரை மணலில், நேற்று போனில் பேசிவைத்த அதே இடத்தில், ஒரு சிவப்புக் குடை விரிந்திருந்தது. லென்ஸுக்குள் அது மிளகாய் விதை அளவுதான். குடைக்குக் கீழே நிற்பவரைப் பார்க்க முடியவில்லை.

பூன்கியாட் முகம் இறுகிப்போயிற்று. இப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் பிக்ஹா நினைத்தாள். போகட்டும், போனாலும் எடுப்பேன் என்று கேமராவை இறக்காமல் நின்றாள்.

அவன் போகவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஈர மணலில் ஒரே ஓர் எட்டு எடுத்து வைத்தான், இடது பக்கமாக.

"போதுமா?" என்றான்.