வலிக்கிற கை

“வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே மனைவியின் இடது புஜத்தை ஸ்வெட்டரோடு சேர்த்து அழுத்தினார் அவர்.

“ஐயோ, மெல்லங்க. இது கையா, ஹாரனா?”

காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு அந்த ‘ஐயோ’ காதில் தேனாகப் பாய்ந்தது.

காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு புதுத் தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கத் தாங்களாகவே கை நீட்ட வந்தவர்கள். ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டு ஊசி போட்டாகிவிட்டது. ஏதாவது கோளாறு வருகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருந்தார்கள்.

பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்ட நர்ஸுக்கே தெரியாது.

மனைவிக்கு விழுந்தது எது என்பதுதான் அவர் கவலை.

போன மழைக்காலத்தில் அவளுக்குச் சாதாரண நீர்க்கடுப்பாகத்தான் ஆரம்பித்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காதவள் கண் திறக்காமல் கிடந்தாள். இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார். எப்படியோ பிழைத்து வந்தாள். மறுபடியும் வரலாம் என்று டாக்டர் சொன்னதைத்தான் அவரால் முழுங்க முடியவில்லை.

அந்தக் கிருமிக்குத்தான் இந்த ஊசி. நீங்களும் போட்டுக்கிட்டா வரேன் என்றாள். வந்துவிட்டார்கள்.

“வலிச்சாலும் வலிக்காட்டியும் அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க” என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அவர் கேட்டால்தானே. பக்கத்து நாற்காலி அம்மாளிடம் சொன்னார்: “இன்ஜின் ஓடினா வண்டி அதிரும்மா. இவ கை அதிருது. மருந்து உள்ளே போயிடுச்சு.”

“உங்களுக்கு?” என்றாள் மனைவி.

தன் இடது புஜத்தைத் தொடாமல் கண்ணாலேயே காட்டினார். “ஒண்ணுமே இல்ல. சுத்தத் தண்ணி.” லாட்டரி விழுந்தவர் மாதிரி இருந்தது முகம்.

ஊசி போட்ட இடத்தைப் பார்க்க நர்ஸ் வந்தாள்.

“நாக்கு வறளுதுங்க. கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்” என்று அவரைக் கிளப்பிவிட்டாள் மனைவி.

அவர் கதவைத் தாண்டியதும் ஸ்வெட்டரின் வலது கையைச் சுருட்டினாள். அங்கேதான் இருந்தது, சின்ன வட்டப் பிளாஸ்திரி.

“வலி இருக்கா?”

“எறும்பு கடிச்ச அளவுகூட இல்ல.”

சற்று முன் ‘ஐயோ’ போட்ட அந்த இடது கையை நர்ஸ் பார்த்தாள்.

“துணி வெட்டுற கையில வேண்டாம்னு நீங்கதானே இந்தப் பக்கம் போட்டீங்க. நான் இடதுகைக்காரிங்கறது அவருக்கு இன்னும் பதியல. டீ கப்போட கைப்பிடியை இப்பவும் வலது பக்கமாத்தான் திருப்பி வைப்பாரு.” ஸ்வெட்டரை இறக்கிவிட்டுக்கொண்டாள். “இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டும் சிஸ்டர்.”

திறந்திருந்த கதவு வழியே நடையில் தண்ணீர் மிஷின் தெரிந்தது. அவர் வலது கையில் காகிதக் கோப்பையைப் பிடித்திருந்தார். இடது கையால் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தக் கை இடுப்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

முகத்தைச் சுளித்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, மோவாயால் பொத்தானை அமுக்கினார்.

அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்து என்னவோ இறங்கியது போல ஒரு பெருமூச்சு வந்தது.

மோவாயில் நீர் சொட்டத் திரும்பி வந்தார்.

“இந்தா, குடி. எனக்குப் போட்டதும் இதேதான்.”

“அதான் பார்த்தாலே தெரியுதே” என்று கோப்பையைக் கவனமாக வலது கையால் வாங்கிக்கொண்டு, இடது கையை உயர்த்தி அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள்.

அந்தக் கை எவ்வளவு உயரம் வந்தது என்பதை அவர் கவனிக்கவே இல்லை.