ஊசி வேண்டாம் என்றவள்

"அவ வாயில கொள்ளிய வைக்க! யாருன்னு மட்டும் சொல்லு அம்சா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

மஞ்சுளாவின் கத்தல் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே அவளுடைய ஒன்றரை வயது மகனுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. தட்டம்மை நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். பிழைப்பானா என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்று டாக்டர் நகர்ந்துவிடுகிறார்.

மஞ்சுளாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடவைக்க, பசுந்தாங் பேட்டை ஆபீசில் உட்கார்ந்து குட்டிக் குட்டி வீடியோவாக எடுத்துத் தள்ளுகிறவள் அவள். தாமுவே பேட்டையில் அம்சவேணியின் தெருவே அவளை, பர்மிய மொழியில் டீச்சரம்மா என்கிற மாதிரி, 'சயாமா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடும். அப்படியிருந்தும் போன மாசம் ஊசி முகாமுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு குஞ்சு குளுவான்கூட வரவில்லை. ஊசி வேண்டாம் என்று எவளோ ஒருத்தி சொல்லிக் கலைத்துவிட்டாளாம்.

"எவளோ சொன்னா கேப்பியா? நான் அனுப்புன வீடியோவ பாக்கலியா நீ?"

"பாத்தேன் சயாமா. எல்லாருந்தான் பாத்தோம்."

"பாத்துமா புத்தி வரல? என் போன்ல சார்ஜ் இல்ல, உன் போனக் கொடு!"

பிடுங்காத குறையாக வாங்கி வீடியோவைத் தட்டிவிட்டாள். திரையில் மஞ்சுளாவே கண்ணை உருட்டிக்கொண்டு வந்தாள். எடுத்த எடுப்பிலேயே ஆளைத் திடுக்கிட வைத்தால்தான் கடைசிவரை பார்ப்பார்கள் என்பது அவள் கணக்கு.

"தட்டம்மை ஊசி போட்டா, பிள்ளை உசுருக்கே ஆபத்து..."

அத்தோடு படம் நின்றுவிட்டது. நடுவில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சுளா இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். நகரவில்லை.

"சனியன் புடிச்ச லைன்! '...ன்னு சொல்றவங்கள நம்பாதீங்க'ன்னு வரும் பாரு, அதாண்டி முக்கியம். சரி, அது கெடக்கட்டும். பச்சப்புள்ள உசுரோட வெளையாடுனவ யாரு? அவள நான் சும்மா விடமாட்டேன்."

அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்க தெருவுல எல்லார் போன்லயும் இவ்வளவுதான் வந்துச்சு, சயாமா."