சக்கரப் பெட்டி

இத்தாலியின் பொலோன்யா நகரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியில் சக்கரப் பெட்டி தடதடத்ததும், சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த இர்மா கதவைத் திறக்காமலே கத்தினாள்.

“பெட்டியைத் தூக்கிட்டு நடய்யா! இங்க மனுஷங்க குடியிருக்கோம்!”

சத்தம் நிற்கவில்லை.

“பொலோன்யாவைச் சுத்திப் பாக்கத்தானே வந்தே? அப்ப இதையும் கேட்டுக்கோ. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலயே வெளியூர்ப் பசங்க இங்க படிக்க வந்தாங்க. மாணவனும் ஊர்க்காரனும் சேர்ந்து உக்காந்துதான் வாடகையை முடிவு பண்ணினாங்க. இப்ப? நாலு நாள் தங்குறவனுக்கு வீடு, நாப்பது வருஷம் இருந்தவனுக்குத் தெரு! ஸ்டேஷன் பக்கம் அத்தனை ஹோட்டல் இருக்கே, அங்க போய்த் தங்கினா என்னவாம்?”

“அங்கதான் போறேன், சின்யோரா.”

பழகிய குரல். கதவைத் திறந்தாள். நாலாம் மாடியில் குடியிருக்கும் ஓரெஸ்தே, பெட்டியோடு இறங்கி வந்து நின்றிருந்தார்.

“ஐயோ, நீங்களா? எங்க கிளம்பிட்டீங்க?”

“நான் வாடகைக்கு இருந்த வீட்டைப் புதுசா வாங்கினவர் காலி பண்ணச் சொல்லிட்டார். இனிமே அதுல டூரிஸ்ட்டுங்கதான் தங்குவாங்களாம். வேற வீடு கிடைக்கிற வரைக்கும் எனக்கு ஹோட்டல்தான்.”

“எந்தப் படுபாவி அவன்? பேரைச் சொல்லுங்க. நடுத்தெருவுல நிக்க வச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!”

ஓரெஸ்தே அவளுடைய மாவுக் கையில் ஒரு சாவியை வைத்தார்.

“உங்க பையன்தான். சாயங்காலம் டூரிஸ்ட்டுங்க வருவாங்களாம். சாவியை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போகச் சொன்னார்.”

பிறகு பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினார்.